காணி யாருக்கு? – பொஸ்டன் நகரத்து டட்லி வீதி மக்கள் கண்ட விடை

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அங்கே எழுந்து நிற்பவற்றைக் கொண்டே அதனை எழுதுகின்றனர். கோபுரங்களும் பாலங்களும் துறைமுகங்களும் பங்குச் சந்தைகளும் அவர்தம் ஏடுகளை நிரப்புகின்றன. ஆனால், நகரத்தின் நடுவே புல்லும் பற்றையும் மண்டி, கண்டவர் குப்பை கொட்டும் இடமாய்க் கிடக்கும் வெறுங்காணிக்கும் ஒரு வரலாறு உண்டு. அஃது ஏன் வெறுமையாயிற்று, எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறிற்று, இன்று அதன் உறுதியில் எவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது என்னும் வினாக்களுக்கு விடை தேட முற்படுவோமாயின், அந்நகரத்தின் செல்வர்க்கும் வறியோர்க்கும் இடையே நிலவும் உறவு முழுவதும் நம் கண்முன்னே விரியக் காண்போம்.

நகரசபையின் கையிலே காணி கிடக்கிறது. நகரத்து உழைப்பாளிக்கு வீடில்லை. இவ்விரண்டையும் ஒன்று சேர்த்துவிட்டால் இடர் தீர்ந்துவிடாதோ எனச் சிந்திப்பது இயல்பே. ஆயினும் நடைமுறையில் இஃது அத்துணை எளிதாய் நிகழ்வதில்லை. காணி ஒரு விலைப்பண்டமாகிவிட்ட சமுதாயத்தில், நகரசபையும் ஒரு காணிக்காரனாகவே சிந்திக்கத் தலைப்படுகிறது. அதிக விலை தருபவனுக்கு ஏலத்தில் விற்றால் இன்று பணம் வரும், நாளை சோலைவரி வரும் என்பதே அதன் கணக்கு. இக்கணக்கை மாற்றியமைக்க, இலாபநோக்கற்ற மக்கள் நிறுவனங்கள் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் நடத்திய போராட்டங்கள் கடந்த நூற்றாண்டின் பிற்பாதி வரலாற்றில் ஒரு சிறந்த பகுதியாகும். அவற்றுள் மூன்றினை, சிறப்பாகப் பொஸ்டன் நகரத்து டட்லி வீதி மக்களின் வரலாற்றை, ஈண்டு நோக்குவோம்.

வெறுமை தோன்றிய விதம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அமெரிக்கப் பெருநகரங்களின் உட்பகுதிகள் தேயத் தொடங்கின. ஆலைகள் வெளியேறின. வெள்ளையரான நடுத்தர வகுப்பினர் புறநகர்களிற் குடியேறினர். அவர்கள் அங்கே வீடு வாங்குவதற்கு வேண்டிய கடனுக்கு மத்திய அரசே காப்புறுதி வழங்கிற்று. 1934 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய வீடமைப்பு நிருவாகம் இப்பணியைச் செய்தது. ஆனால், கறுப்பு மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அந்தக் காப்புறுதி கிட்டவில்லை. 1930களில் அரச நிறுவனமொன்று வரைந்த நகரப் படங்களில் அத்தகைய பகுதிகள் சிவப்பு வண்ணத்தாற் குறிக்கப்பட்டிருந்தன. கடன் கொடுத்தற்குத் தகாத இடம் என்பதே அவ்வண்ணத்தின் பொருள்.

கடன் கிடைக்காத இடத்தில் வீட்டைத் திருத்துவார் இல்லை, வாங்குவாரும் இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை மட்டும் கறந்துகொண்டு கூரையை ஒழுகவிட்டனர். பின்னர் சோலைவரி கட்டுவதையும் நிறுத்தினர். இன்னுஞ் சிலர் தீக்காப்புறுதிப் பணத்துக்காகத் தம் கட்டடங்களுக்குத் தாமே தீ வைப்பித்தனர். இது வெறும் ஐயப்பாடன்று. பொஸ்டன் நகரின் சிம்பொனி வீதியிற் குடியிருந்தோர் தொடர்ச்சியாக நேர்ந்த தீ விபத்துகளின் ஆவணங்களைத் தாமே திரட்டி ஆராய்ந்ததன் விளைவாக, 1977 ஆம் ஆண்டில் 33 பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவர்களுள் வீட்டுச் சொந்தக்காரர்களும் சட்டத்தரணிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர்.

எரிந்த கட்டடத்தை இடித்துத் தள்ளும் செலவு நகரசபையைச் சேர்ந்தது. வரிப்பாக்கி நெடுங்காலம் செலுத்தப்படாதுவிடின், சட்டப்படி அக்காணியின் உரிமையும் நகரசபையைச் சேரும். நியூயோர்க் மாநகரம் பணமுடையால் தத்தளித்த காலத்தில், 1976 ஆம் ஆண்டின் சட்டமொன்று, வரி கட்டத் தவறியோரின் ஆதனத்தை எடுத்துக்கொள்ளுவதற்கான தவணையை மூன்று ஆண்டுகளிலிருந்து ஓராண்டாகக் குறைத்தது. வரி வசூலாகும் என எதிர்பார்த்த நகரசபைக்கு வரி வரவில்லை. பல்லாயிரம் வீடுகளும் வெறுங்காணிகளுமே வந்து சேர்ந்தன. விரும்பாமலே அது அந்நகரத்தின் மிகப்பெரிய சேரிச் சொந்தக்காரனாயிற்று.

நகரசபைகளின் கைக்குக் காணி வந்த மற்றொரு வழியையும் நாம் மறத்தலாகாது. அதுவே காணிச் சுவீகரிப்பு. 1949 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் சேரிகளை அகற்றுவதற்கு மத்திய அரசின் பணத்தைத் தந்தது. ‘பொதுத்தேவை’ என்னும் சொல்லின் எல்லையை மிக அகலமாக வகுத்து, 1954 ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் இதற்கு இசைவளித்தது. சுவீகரித்த காணியை மலிவாகத் தனியார் கொம்பனிக்குக் கைமாற்றுவதும் பொதுத்தேவையே எனக் கொள்ளப்பட்டது. பொஸ்டன் நகரத்தின் வெஸ்ட் எண்ட் பகுதியில் 1958 ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களுட் பலர் இத்தாலியத் தொழிலாளர். அவர்களுடைய வீடுகள் இருந்த இடத்திற் செல்வர்க்கான மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அழிவதற்கு முன் அப்பகுதியில் வாழ்ந்து ஆராய்ந்த சமூகவியலாளர் ஹேர்பேட் கான்ஸ் 1962 இல் வெளியிட்ட நூல், ‘சேரி’ எனப் பெயர் சூட்டப்பட்ட அவ்விடம் உண்மையில் உயிர்த்துடிப்புள்ள ஒரு சமூகமே என்பதை நிறுவிற்று. நூல் வெளிவந்தபோது அச்சமூகம் இல்லை.

ஆகவே, காணிச் சுவீகரிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அமெரிக்க நகரத்து ஏழை அஞ்சினான். அவ்வச்சம் நியாயமானது. அவ்வாயுதம் எக்காலத்தும் அவனை நோக்கியே நீட்டப்பட்டிருந்தது. இதனை மனத்திற் கொண்டாலன்றிப் பின்னர் டட்லி வீதியில் நிகழ்ந்ததன் அருமை விளங்காது.

நியூயோர்க்கின் இரு பாதைகள்

1959 ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்தின் நிருமாணப் பணிகளையெல்லாம் தம் கைக்குள் வைத்திருந்த றொபேட் மோசஸ் தலைமையில், கூப்பர் சதுக்கப் பகுதியை இடித்து நடுத்தர வகுப்பினர்க்கு வீடு கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்தோரிற் பெரும்பாலோர்க்குப் புதிய வீட்டின் விலை எட்டாக்கனியாகும். குடியிருப்பாளர் ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தனர். அவர்கள் ‘வேண்டாம்’ என்று கோஷமிடுவதோடு நின்றுவிடவில்லை. வோல்டர் தாபிற் என்னும் நகரத் திட்ட வல்லுநரைத் துணையாகக் கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் கூடி, 1961 ஆம் ஆண்டில் ஒரு மாற்றுத் திட்டத்தைத் தாமே வெளியிட்டனர். ஓரிடத்தைப் புதுக்குவதன் பயன் அவ்விடத்தில் வாழ்வோரையே சேரல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

அத்திட்டத்தின் திருத்திய வடிவத்தை நகர ஆட்சி 1970 இல் ஏற்றது. 1973 இல் ஜனாதிபதி நிக்சன் வீடமைப்புப் பணத்தை நிறுத்தவே, அது மீண்டும் கிடப்பிற் போடப்பட்டது. ஆயினும் பிரான்ஸிஸ் கோல்டின் போன்ற போராளிகள் ஓயவில்லை. 1990 ஆம் ஆண்டில், நகரபிதா டிங்கின்ஸ் காலத்தில், உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நகரசபைக்குச் சொந்தமான கட்டடங்கள் பழுது பார்க்கப்பட்டு, குடியிருப்பாளரின் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. அவற்றின் கீழுள்ள நிலம் மீண்டும் விலைபோகாதபடி தனியொரு நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்டது. முன்னூறுக்கு மேற்பட்ட வீடுகள் இவ்வாறு காக்கப்பட்டன. திட்டம் அறிவிக்கப்பட்ட நாளுக்கும் உடன்படிக்கைக்கும் இடையே கழிந்தவை 31 ஆண்டுகள்! ஒரு தலைமுறையின் வாழ்நாள் அது.

மற்றொரு பாதை கிழக்குப் புறூக்லினிற் பிறந்தது. 1980 ஆம் ஆண்டளவில் அங்குள்ள கிறிஸ்தவ சபைகள் பல ஒன்றிணைந்து ஓர் அமைப்பை உண்டாக்கின. அவற்றின் மக்கள் பெரும்பாலும் கறுப்பரும் புவேர்ட்டோ ரிக்கோ நாட்டவருமான தொழிலாளர். எருசலேமின் இடிந்த மதிலை மீளக் கட்டிய நெகேமியாவின் பெயரைத் தம் திட்டத்துக்கு இட்டனர். அவர்கள் நகரசபையின் வாயிலுக்கு வெறுங்கையோடு செல்லவில்லை. திருச்சபைகளிடமிருந்து கட்டடச் செலவுக்கான வட்டியில்லாக் கடன் நிதியொன்றை முதலிலே திரட்டினர். அதன் பின்னரே நகரபிதா எட்வேட் கொச்சிடம் காணி கேட்டனர். நகரசபை வெறுங்காணிகளைப் பெயரளவான விலைக்குக் கொடுத்ததுடன், வீடொன்றுக்கு 10,000 டொலர் வட்டியில்லாக் கடனும் வழங்கிற்று. ஏறத்தாழ 50,000 டொலருக்கு உழைப்பாளி ஒருவன் தன் வீட்டை வாங்க முடிந்தது. 1980களின் இறுதிக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

இவ்விரு பாதைகளுக்குமிடையே உள்ள வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். புறூக்லினில் வீடும் காணியும் வாங்கியவனுக்கே உரியவாயின. வேகமாகவும் பெருந்தொகையாகவும் வீடுகள் எழுந்தமைக்கு அத்தெளிவும் ஒரு காரணமாகும். ஆனால், நகரசபை கொடுத்த மலிவின் பயன் காலப்போக்கிலே சந்தை விலையிற் கரைந்துவிடும். முதலில் வாங்கியவன் ஏழை. அவனிடம் வாங்குபவன் ஏழையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. கூப்பர் சதுக்கத்திலோ காணி பொதுவில் நின்றது. இவ்வேறுபாட்டின் முழு விளக்கத்தையும் டட்லி வீதியிற் காண்கிறோம்.

டட்லி வீதி

பொஸ்டன் நகரத்தின் மையத்திலிருந்து இரண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில், ரொக்ஸ்பரிக்கும் டோர்செஸ்டருக்கும் இடைப்பட்டு அமைந்துள்ளது டட்லி வீதிப் பகுதி. கறுப்பு அமெரிக்கரும், ஸ்பானிய மொழி பேசுவோரும், ஆபிரிக்கக் கரைக்கு மேற்கேயுள்ள கேப் வேர்ட் தீவினரும், எஞ்சிய வெள்ளையரும் அங்கே வாழ்ந்தனர். 1980களின் தொடக்கத்தில் அப்பகுதியில் ஏறத்தாழ 1,300 காணித்துண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. புறநகரங்களிலிருந்து பாரவண்டிகள் இரவோடிரவாக வந்து, கட்டட இடிபாடுகளையும் அழுகிய இறைச்சியையும் பழைய மோட்டார் வண்டிகளையும் அங்கே கொட்டிச் சென்றன. வீடு இருந்த இடத்திற் குப்பை மேடு. குப்பை மேட்டின் அருகே குழந்தைகள்.

இந்நிலையில் ரைலி நிதியம் என்னும் தரும நிறுவனம் அப்பகுதிக்கு உதவ முன்வந்தது. அங்கு ஏற்கெனவே பணிபுரிந்த சமூகசேவை நிறுவனங்கள் ஒன்றுகூடி, 1984 இல் ‘டட்லி வீதி அயலவர் முன்முயற்சி’ என்ற அமைப்பைத் தொடங்கின. 1985 இன் தொடக்கத்தில் ஆலய மண்டபமொன்றிற் கூடிய பொதுக்கூட்டத்தில் அதன் திட்டத்தை மக்கள் முன் வைத்தனர். ஆட்சிக் குழுவில் நிறுவனப் பிரதிநிதிகளுக்கே பெரும்பாலான இடங்கள், குடியிருப்பாளருக்குச் சிலவே. அப்போது சபையிலிருந்து ஒரு வினா எழுந்தது: மேடையில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் இந்த வீதிகளில் வாழ்கிறீர்கள்? மேடையிலிருந்தோரால் அவ்வினாவை எதிர்கொள்ள முடியவில்லை. ஆட்சிக் குழு மாற்றியமைக்கப்பட்டது. குடியிருப்பாளர்க்கே பெரும்பான்மை என்றும், நால்வகை இனத்தவர்க்கும் தொகை வேறுபாடு நோக்காது சமமான இடம் என்றும் விதி செய்யப்பட்டது. பின்னர் வந்த வெற்றிகள் அனைத்துக்கும் வித்து அக்கூட்டத்தில் இடப்பட்டது எனலாம். மக்களுக்காகப் பேசும் நிறுவனம் மக்களின் நிறுவனமாய் மாறியது அன்றேதான்.

மாற்றியமைக்கப்பட்ட குழு உடனே காணி கேட்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1986 ஆம் ஆண்டில் அது முதலிற் கேட்டது, குப்பை கொட்டுவதை நிறுத்தவேண்டும் என்பதையே. ‘எங்கள்மீது கொட்டாதே’ என்ற முழக்கத்துடன் மக்கள் தம் கையாலே காணிகளைத் துப்புரவு செய்தனர். சட்டவிரோதக் குப்பைக் கூடங்களை மூடும்படி நகரசபையை நெருக்கினர். அவை மூடப்பட்டன. சிறிய வெற்றிதான், எனினும், கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கையை அது விதைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ரொக்ஸ்பரியும் அதனை அடுத்த பகுதிகளும் பொஸ்டனிலிருந்து பிரிந்து ‘மண்டேலா’ என்னும் தனி நகரமாதல் வேண்டும் என்ற கோரிக்கை வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. கோரிக்கை தோற்றது. ஆனால், கறுப்பு மக்களின் மனக்குறை எத்துணை ஆழமானது என்பதை நகரபிதா றேமண்ட் பிளின் உணர அது காரணமாயிற்று.

அச்சத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1980களின் நடுப்பகுதியிற் பொஸ்டன் நகரத்தில் காணி விலை ஏறத் தொடங்கியிருந்தது. நகர மையத்துக்கு இவ்வளவு அண்மையிற் கிடக்கும் வெறுங்காணி என்றும் குப்பை மேடாகவே கிடக்காது. நாளை அங்கே ஹோட்டல்களும் காரியாலயங்களும் எழும். அவ்வேளையில் நாற்பது ஆண்டுகள் புகையையும் துர்நாற்றத்தையும் தாங்கிய மக்கள் எங்கே போவர்? வெஸ்ட் எண்டின் கதையை மறந்தவர் எவருமிலர். எனவேதான், பிறர் திட்டம் வருமுன் தம் திட்டத்தைத் தாமே வகுக்க அவர்கள் முனைந்தனர். 1987 இல் முற்றுப்பெற்ற அத்திட்டத்தை நகர ஆட்சி ஏற்றுக்கொண்டது. அதன் நடுவே ‘டட்லி முக்கோணம்’ எனப்பட்ட 64 ஏக்கர் நிலப்பரப்பு அமைந்திருந்தது.

உரிமை கைக்கு வந்த விதம்

முக்கோணத்தில் ஏறத்தாழ 30 ஏக்கர் வெறுமையாய்க் கிடந்தது. அதிற் பாதி நகரசபையினுடையது, மறுபாதி தனியாருடையது. இரண்டும் சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து கிடந்தன. இந்தக் கலப்பே இடர்ப்பாட்டின் மூலம். நகரசபை தன் பங்கு முழுவதையும் இலவசமாய்த் தந்தாலுங்கூட, இடையிடையே தனியார் துண்டுகள் குறுக்கிடுமாயின், ஒழுங்கான வீதியோ வீட்டுத் தொகுதியோ பூங்காவோ அமைத்தல் இயலாது. அத்தனியாரிற் சிலர் வேற்றூரில் வாழ்ந்தனர். சிலர் இறந்து, உரித்தாளர் சிதறியிருந்தனர். சிலர் விலையேற்றத்தை எதிர்நோக்கிக் காத்திருந்தனர். ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துப் பேரம் பேசி வாங்குவதற்கு ஆண்டுகள் பல செல்லும். அதற்குள் விலை வானை எட்டிவிடும்.

ஊதியம் பெறாது உதவிய சட்டத்தரணிகள் ஒரு வழியைச் சுட்டிக்காட்டினர். மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1945 ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருந்த 121ஏ என்னும் அத்தியாயத்தின்படி, நகர மறுமலர்ச்சிக்கென அமைக்கப்படும் தனியார் நிறுவனமொன்று, அதிகாரசபையின் ஒப்புதலோடு காணி சுவீகரிக்கும் அதிகாரத்தைப் பெறலாம். 1960களில் பொஸ்டனிற் பெருங் காப்புறுதிக் கொம்பனியொன்று தன் வானளாவிய கோபுரத்தை எழுப்புவதற்குக் கைகொடுத்ததும் இதே சட்டந்தான். கொம்பனிக்குப் பயன்பட்ட சட்டம் குடியிருப்பாளருக்கு ஏன் பயன்படலாகாது?

ஆனால் இவ்வழியை ஏற்பதா என்ற வினா மக்களிடையே பெருஞ் சர்ச்சையைக் கிளப்பிற்று. சுவீகரிப்பினால் விரட்டப்பட்டோரும் விரட்டப்பட்டோரின் மக்களும் அக்கூட்டங்களில் இருந்தனர். எந்த வாளால் வெட்டுண்டோமோ அதே வாளையா நாம் ஏந்துவது என அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. விவாதித்து, ஓர் எல்லை வகுத்துக்கொண்டனர். மக்கள் குடியிருக்கும் எவ்வீட்டையும் தொடுவதில்லை. வெறுமையாய்க் கிடக்கும் காணி மட்டுமே சுவீகரிக்கப்படும். சொந்தக்காரர்க்குச் சட்டப்படி நட்டஈடு வழங்கப்படும். அப்போது அமைப்பின் இயக்குநராயிருந்தவர், கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரில் முன்னர் நகரபிதாவாகக் கடமையாற்றிய கஸ் நியூபோர்ட். நகர ஆட்சியின் தரப்பில் மறுநிருமாண அதிகாரசபையின் தலைவர் ஸ்டீபன் கொயில் இதற்கு ஆதரவளித்தார். ‘நிலைகொள், நிலங்கொள்’ என்ற கருத்துப்பட முழக்கமெழுப்பி மக்கள் திரண்டனர். காணி வைத்திருந்தோர் சிலர் எதிர்த்தனர். 1988 நவம்பரில் அதிகாரசபை வாக்கெடுத்து, இம்மக்கள் அமைத்த ‘டட்லி அயலவர்’ என்னும் நிறுவனத்துக்குச் சுவீகரிக்கும் அதிகாரத்தை வழங்கிற்று. அமெரிக்க நாட்டில் ஓர் அயலவர் அமைப்பு இத்தகைய அதிகாரத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

வாக்கு விழுந்தவுடன் வீடு எழுந்துவிடவில்லை. சுவீகரிக்கும் காணிக்கு நட்டஈடு கொடுக்கப் பணம் வேண்டும். வங்கிகள் தயங்கின. நியூயோர்க்கிலுள்ள போர்ட் நிதியம் 20 இலட்சம் டொலரைக் குறைந்த வட்டிக்குக் கடனாகத் தர இசைந்து, 1992 இல் அது கைக்கு வந்த பின்னரே சுவீகரிப்பு முன்சென்றது. இதற்கிடையே காணி விலை சரிந்திருந்தது. கட்டட முதலாளிகள் ஒதுங்கியிருந்தனர். முதலாவது வீட்டுத் தொகுதியில் மக்கள் குடிபுகுந்தபோது 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

நகரசபைக் காணியை ஒரு பொது நிறுவனம் பெறுவதன் படிமுறையை இவ்வரலாற்றினின்றும் தொகுத்துக் கூறுவது பயனுடைத்து. முதலாவது, காணியின் கணக்கு: எது நகரசபையினது, எது தனியாரது, எதன்மீது எவ்வளவு வரிப்பாக்கி என மக்களே அறிந்திருத்தல். இரண்டாவது, திட்டம்: காணியில் என்ன எழும் என்பதைக் கேட்குமுன்னரே வகுத்து, நகர ஆட்சியின் ஒப்புதலைப் பெறுதல். மூன்றாவது, ஒதுக்கீடு: காணியைப் பகிரங்க ஏலத்துக்கு விடாமல், குறித்த தவணைக்குள் பணந் திரட்டினாற் கையளிப்பதாக நகரசபை உறுதிமொழி தருதல். இவ்வுறுதிமொழியைக் காட்டியே கடன் கேட்க முடியும். நான்காவது, உறுதியில் எழுதும் நிபந்தனைகள்: இன்ன வருமானத்தினர்க்கே வீடு, இத்தனை காலத்துள் கட்டி முடித்தல் வேண்டும், தவறின் காணி மீண்டும் நகரசபையைச் சேரும் என்பன போன்றவை. ஐந்தாவது, கைமாற்றிய பின்னர் அக்காணியை எவ்வாறு காப்பது என்பது. இவ்வைந்தாவதே எல்லாவற்றிலும் அரியது.

காணி பொதுவில், வீடு தனியில்

டட்லி வீதி மக்கள் இவ்வைந்தாவது வினாவுக்குக் கண்ட விடை, காணியை விற்பதில்லை என்பதாகும். குடும்பம் வீட்டை மட்டும் விலைக்கு வாங்குகிறது. காணியை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறுகிறது. அவ்வுரிமை பிள்ளைகளைச் சேரும். வீட்டை விற்க நேரின், முன்னரே குறித்த வாய்பாட்டின்படி அமைந்த விலைக்கே, அடுத்து வரும் உழைப்பாளிக் குடும்பத்துக்கு விற்றல் வேண்டும். நம்மவர் கோயிற் காணியைத் தருமசாதனஞ் செய்து விலைபடாது காப்பதை இதனோடு ஒப்பிட்டால் முறை எளிதில் விளங்கும். அங்கே காணி தெய்வத்தின் பெயரில். இங்கே காணி இனி வரப்போகும் மக்களின் பெயரில்.

இம்முறையின் ஊற்றுக்கண்களில் ஒன்று நமக்கு மிக அண்மையில் உள்ளது என்பது பலர் அறியாத செய்தி. 1951 ஏப்ரலில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளிக் கிராமத்தில் வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம், பின்னர் முழுக் கிராமத்தின் காணியையும் பொதுவாக்கும் கிராமதானமாய் வளர்ந்தது. தனித்தனியாகத் தானம் பெற்ற ஏழை மீண்டும் கடனிற் காணியை இழந்தான் என்ற அனுபவம் அவ்வளர்ச்சிக்குத் தூண்டுதலாயிற்று. இந்தியாவில் வாழ்ந்து இதனைக் கண்டறிந்த ரால்ப் பொர்சோடியும், அவருடைய தோழர் றொபேட் சுவானும் இக்கருத்தை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர். ஜோர்ஜியா மாநிலத்தில் வாக்குரிமைக்காகப் போராடியமையாற் குத்தகைக் காணியிலிருந்து விரட்டப்பட்ட கறுப்பு உழவர்க்கென, சிவில் உரிமைப் போராளி சார்ள்ஸ் ஷெரொட்டும் பிறரும் 1969 இல் அமைத்த ‘புதிய சமூகங்கள்’ என்ற பண்ணையே அந்நாட்டின் முதலாவது மக்கள் காணிப் பொறுப்பு. ஏறத்தாழ 5,700 ஏக்கர் கொண்ட அப்பண்ணை, வறட்சியாலும் கடன் மறுப்பாலும் நொடிந்து 1985 இல் கைநழுவிப் போயிற்று. கடன் வழங்குவதில் இனப் பாகுபாடு காட்டப்பட்டது என்ற வழக்கில் 2009 இல் அதற்கு நட்டஈடு தீர்ப்பாயிற்று. கிராமத்துக்கென எழுந்த அக்கருத்தே நகரத்துக்கு வந்து டட்லி வீதியில் வேரூன்றியது.

அதன் பயனைக் காலம் சோதித்தது. 2007 ஆம் ஆண்டை அடுத்து அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்து, இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். 2010 ஆம் ஆண்டின் இறுதியில், சந்தையிற் பெற்ற கடன்களில் நூற்றுக்கு 4.63 பங்கு வங்கிகளின் பறிமுதல் நடவடிக்கைக்கு உள்ளாகியிருந்தது. நாடெங்குமுள்ள காணிப் பொறுப்புகளின் வீடுகளில் அவ்விகிதம் 0.46 மட்டுமே. இவ்வீடுகளில் வாழ்ந்தோர் ஏனையோரினும் வறியோர் என்பதை எண்ணும்போது இவ்வெண்களின் பொருள் இன்னும் ஆழமாகிறது. கடன் தவணை தவறும்போது வங்கி முதலிற் காணிப் பொறுப்புக்கு அறிவித்தல் வேண்டும். பொறுப்பு குடும்பத்துக்குத் துணைநிற்கும். ஏழையை ஏமாற்றும் கடனை அது தொடக்கத்திலேயே தடுக்கும்.

குறைகளும் வினாக்களும்

இவ்வளவு கூறியதனால் டட்லி வீதியிற் பொன்னுலகம் பிறந்துவிட்டதென நாம் கருதிவிடலாகாது. அங்கே காணிப் பொறுப்பில் எழுந்தவை 200க்குச் சற்று மேற்பட்ட வீடுகளே. பூங்காவும் விளைநிலமும், பழைய மோட்டார்த் திருத்தகம் இருந்த இடத்தில் 2004 இல் எழுந்த பயிர்க்கூடமும் உண்டு. ஆயினும், பெருநகரொன்றின் வீட்டுத் தேவைக்கு முன் இவை சிறு துளியே. மக்கள் காணி பெறப் போராடிய அதே 1980களில், மத்திய அரசின் வீடமைப்புச் செலவு றீகன் ஆட்சியாற் பெரிதும் வெட்டப்பட்டது. அரசு செய்யவேண்டியதைத் தரும நிறுவனங்களின் தலையிற் கட்டி அரசு கைகழுவுவதற்கு இத்தகைய முயற்சிகள் திரையாய் அமையும் ஆபத்து உண்டு. தரும நிதியத்தின் கடன் கிட்டாதிருந்தால் 1988 இன் வாக்கெடுப்பு ஏட்டளவிலேயே நின்றிருக்கும் என்பதும் உண்மை.

இன்னொரு வினா அம்மக்களிடமிருந்தே எழுந்தது. வெள்ளையன் வீட்டை வாங்கி விலையேற்றத்தாற் செல்வனாகலாம். கறுப்பனின் வீட்டுக்கு மட்டும் விலைக் கட்டுப்பாடா? தலைமுறை தலைமுறையாய்ச் செல்வஞ் சேர்க்கும் வழி மறுக்கப்பட்ட மக்கள் இவ்வாறு கேட்பதை எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. இதற்கு அங்கு கூறப்பட்ட விடை இது: எம்மை வெளியேற்றுவது வாடகை உயர்வும் விலை உயர்வுமே, அவ்வுயர்வில் ஒருவன் அடையும் இலாபம் அவன் அயலவன் இழக்கும் வீடு. எனினும், விடை எவ்வளவு நேரியதாயினும், கட்டுப்பாட்டை ஏழை மாத்திரம் ஏற்க, செல்வன் தன் காணியின் முழு விலையையும் அநுபவிக்கும் ஒரு சமுதாயத்தில் அவ்வினா முற்றாக அடங்கிவிடாது. காணி இலாபம் எல்லோர்க்கும் கட்டுப்படும் நாளிலேயே அது அடங்கும்.

குடியேற்றக் கால ஆளுநர் ஒருவரின் பெயரைத் தாங்கிநின்ற டட்லி சதுக்கம், மக்களின் கோரிக்கையால் 2019 டிசம்பரில் நூபியச் சதுக்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது. பெயரை மாற்றுவது எளிது. உறுதியை மாற்றுவதே அரிது. அவ்வரிய செயலை அம்மக்கள் எவ்வாறு சாதித்தனர் என்பதை நோக்கின், நகரசபையின் கருணையோ தரும நிதியத்தின் தாராளமோ அதற்கு முதற் காரணமன்று என்பது புலனாகும். அவை யாவும் பின்னர் வந்தவை. ஆலய மண்டபத்தில் ‘நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள்?’ என்று கேட்டவர்கள், தொடர்ந்து ‘இக்காணி யாருடையது?’ என்றும் கேட்டார்கள்; விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். கணக்கையும் சட்டத்தையும் கற்றார்கள். நான்கு இனத்தவரும் ஒரு மேசையில் அமர்ந்தார்கள். தம்மீது பாய்ந்த சட்டத்தை, எவர் குடியிருப்பையும் குலைக்காமல், தம் கருவியாக்கிக் கொண்டார்கள்.

தரிசாய்க் கிடக்கும் பொதுக்காணி எந்நாட்டில் இருந்தாலும் அது மௌனமாய் எவரையோ எதிர்நோக்கிக் கிடக்கிறது. முதலில் வருவது ஏலக்காரனா, ஒன்றுதிரண்ட மக்களா என்பதிலேயே அந்நகரத்து ஏழைகளின் எதிர்காலம் தங்கியுள்ளது. டட்லி வீதி வரலாறு உணர்த்தும் உண்மை இதுவே.